தடிப்பு மறைந்தாலும் ஆபத்து மறைவதில்லை



பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு உடம்பில் சிவந்த தடிப்பு கண்டால், நம் ஊர்களில் அநேகர் அம்மை என்றோ சூடு என்றோ எண்ணி, தானாக இறங்கும் என்று காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் இறங்கியும் விடுகிறது. ஆனால் அபூர்வமாக, அத்தடிப்பு இருதயத்துக்கு வரவிருக்கும் கேட்டின் எச்சரிப்பாக இருக்கலாம். காவாசாகி நோய் அப்படிப்பட்டது.

1961-ஆம் ஆண்டு டோக்கியோவில் செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் பணிபுரிந்த குழந்தை மருத்துவர் டொமிசாகு காவாசாகி, நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தாம் அதுவரை கண்டிராத அறிகுறிகளைக் கண்டார். அதேபோன்ற 50 பிள்ளைகளின் விவரங்களைச் சேர்த்து 1967-இல் வெளியிட்டார். தானே தீரும் நோய் என்றே முதலில் கருதப்பட்டது. சுகமானதாக எண்ணப்பட்ட சில பிள்ளைகள் இருதயக் கோளாறால் திடீரென மரித்தது பின்னரே தெரியவந்தது.

இந்நோயில் இரத்தக் குழாய்களின் சுவர்கள் அழற்சி அடைகின்றன. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் பலூன்போலப் புடைத்து, உள்ளே இரத்தம் உறைய ஏதுவாகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே வருகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. காரணம் இன்னும் கண்டறியப்படவில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:

1. ஐந்து நாட்களாகியும் விடாத கடுங்காய்ச்சல்.
2. உடம்பில் சிவந்த தடிப்பு. இதில் நீர்க்கொப்புளம் இராது. தொடை இடுக்கில் அதிகமாகக் காணலாம்.
3. பீளை தள்ளாமல் இரு கண்களும் சிவத்தல்.
4. உதடு சிவந்து வெடித்தல். நாக்கு செக்கச்சிவந்து சொரசொரப்பாதல்.
5. கை கால்கள் சிவந்து வீங்குதல். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் விரல் நுனித் தோல் உரிதல்.
6. கழுத்தில் நெறி கட்டுதல்.

நம் நாட்டில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு, சில குழந்தைகளுக்கு இந்நோயில் சிவந்து வீங்குவதும் உண்டு.

இவை யாவும் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்று வரும், மறையும். பின்பு வேறொன்று வரும். வார்டில் படுக்கையருகே நாங்கள் நிற்கும்போது, "தடிப்பு இறங்கிவிட்டது, ஐயா" என்று தாய்மார் நிம்மதியாகச் சொல்வதுண்டு. அந்த நிம்மதி எப்போதும் சரியானதல்ல. இந்நோயில் சிகிச்சை இல்லாமலே தடிப்பும் இறங்கும், காய்ச்சலும் விடும். இருதயக் குழாயில் உண்டான சேதமோ நிலைத்திருக்கக்கூடும். ஆகவே, மறைந்துபோன அறிகுறியையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை கண் சிவந்திருந்ததை வெள்ளிக்கிழமை பார்க்கும் மருத்துவர் எப்படி அறிவார்?

காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவதே முக்கிய சிகிச்சை. ஆயிரக்கணக்கானோர் தானமாய்க் கொடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து செய்யப்படுவது அது, விலையும் அதிகம். சிகிச்சை பெறாத நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 25 பேருக்கு இருதயக் குழாய் பாதிக்கப்படலாம். காலத்தோடு சிகிச்சை பெற்றால் அது ஏறக்குறைய 5 பேராகக் குறைகிறது. எக்கோ பரிசோதனையும் அவசியம். ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுப்பார்கள்; ஆனால் மருத்துவர் சொல்லாமல் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் இதைத் தாய்மாருக்கு எடுத்துச் சொல்வார்களாக. காய்ச்சல் கண்ட தேதியையும், ஒவ்வொரு நாளும் கண்ட அடையாளங்களையும் ஒரு காகிதத்தில் குறித்து வைக்கட்டும். அந்தச் சிறு காகிதம் ஒரு பிள்ளையின் இருதயத்தைக் காக்கக்கூடும்.