அதிரும் இடத்துக்கு எந்த மின்குமிழ்?



2006ஆம் ஆண்டு நடந்த சம்பவம் இது. எனது ஹார்ட்வெயார் கடைக்கு அடுத்த தெருவில் மிளகாய், மல்லி, மா அரைக்கும் மில் வைத்திருந்த சகோதரர் ஒருவர், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 60 வாற்ஸ் குமிழ் வாங்க வருவார். நல்ல வாடிக்கையாளர் என்று நானும் சந்தோஷமாகக் கொடுத்து வந்தேன்.

ஒரு நாள் முகம் வாடி வந்தார். "நானா, குமிழ் கழன்று மாவுக்குள்ள விழுந்து உடஞ்சிட்டு. இருபது கிலோவையும் கொட்டிட்டேன். அடுத்தவங்கட மா, காசு கட்டணும். இதுக்கு வேற நல்ல குமிழ் இல்லயா?" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாளாக விற்ற நான், "ஏன் இப்படி அடிக்கடி போகிறது?" என்று ஒரு முறையாவது கேட்கவில்லை. அன்று மாலையே அவரது மில்லுக்குப் போய்ப் பார்த்தேன். இயந்திரம் பொருத்திய அதே மரச் சட்டத்தில்தான் ஹோல்டரும் அடிக்கப்பட்டிருந்தது.

காரணம் என்ன?

பழைய குமிழில் வெளிச்சம் தருவது மயிரிழை போன்ற டங்ஸ்டன் கம்பி. எரியும்போது ஏறத்தாழ 2,500 பாகை வரை சூடேறி அது இளகி நிற்கும். அந்த நேரத்தில் அதிர்வு பட்டால் அறுந்துவிடும். 1,000 மணித்தியாலம் எரிய வேண்டியது சில கிழமைகளில் முடிவது இதனால்தான். சி.எப்.எல். குமிழும் இதற்குச் சரிவராது. அதன் குழாய் மெல்லிய கண்ணாடி. உள்ளே பாதரசமும் உண்டு. உணவுப் பொருளுக்கு மேலே அதை மாட்டவே கூடாது.

எதை வாங்குவது?

1. பிளாஸ்டிக் மூடியுள்ள எல்.ஈ.டி. குமிழே இன்று பொருத்தம். அறுந்துபோகக் கம்பி இல்லை. விழுந்தாலும் கண்ணாடி சிதறாது. பழைய குமிழைப் போலக் கண்ணாடியில் வரும் எல்.ஈ.டி. வேண்டாம்.

2. எல்.ஈ.டி.யிலும் உள்ளே ஈயப் பற்றுகள் அதிர்வில் விடும். காதருகே வைத்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் எடுக்காதீர்கள். பாரமான குமிழ் ஹோல்டரை இழுக்கும், இலேசானதை எடுங்கள்.

3. எஸ்.எல்.எஸ். முத்திரையையும் உத்தரவாதத்தையும் பாருங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். டசின் கணக்கில் வாங்குமுன் ஒன்றை மாட்டி ஒரு மாதம் பாருங்கள்.

4. எரியும் குமிழைக் கைத்தொலைபேசிக் கமராவால் பாருங்கள். கறுப்புக் கோடுகள் ஓடினால் அது துடிக்கும் வெளிச்சம். அதில் சுழலும் சில்லு சில வேளை நிற்பதுபோலத் தெரியும். வேலையாள் கையை வைத்துவிட்டால் என்னாகும்?

ஹோல்டரையும் கவனியுங்கள்

திருகு ஹோல்டரில் உள்ள குமிழ் அதிர்வில் மெல்ல மெல்லக் கழலும். ஸ்பிரிங் உள்ள பின் ஹோல்டர் இறுக்கமாகப் பிடிக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கறுத்திருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தி ஹோல்டரையே மாற்றுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், விளக்கை இயந்திரச் சட்டத்திலிருந்து எடுத்துச் சுவரிலோ கூரையிலோ பொருத்துவது. அன்று அந்தச் சகோதரருக்கு நாங்கள் செய்ததும் இதுதான். அதன் பிறகு அவர் குமிழுக்காக வருவது மிகவும் குறைந்தது. தூசுக்காக மூடிய கூட்டுக்குள் மாட்டுவதென்றால், அதற்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியுள்ள குமிழை எடுங்கள். சூடு தங்கினால் எல்.ஈ.டி.யின் ஆயுள் குறையும்.

கணக்கையும் பாருங்கள். நாளொன்றுக்கு 10 மணித்தியாலம், வருடத்தில் 300 நாள் எரித்தால், 60 வாற்ஸ் குமிழுக்கு 180 அலகு மின்சாரம் போகும். 9 வாற்ஸ் எல்.ஈ.டி.க்கு 27 அலகுதான். ஒரு குமிழில் மட்டும் 153 அலகு மிச்சம்.

விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. குமிழ் கேட்டு வருபவரிடம் "எங்கே மாட்டப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பொருந்தாது என்று தெரிந்தும் விற்பது அமானிதமாகாது. அந்த மில்காரருக்குக் குமிழ் விற்பது எனக்குக் குறைந்தது உண்மைதான். ஆனால் வயரும் பெயின்டும் ஆணியும் வாங்க இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார், அல்ஹம்துலில்லாஹ்.