மூளையின் மதகுகள்

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மூளைக்கே செல்கிறது. வயிறு ஒரு வேளைப் பட்டினியைப் பொறுக்கும். மூளையோ பத்து வினாடி இரத்தம் நின்றாலும் பொறுக்காது, மயக்கம் வந்துவிடும். அதற்காக இரத்தம் வெள்ளமாய்ப் பாய்ந்தாலும் கேடே. இந்த அளவு எவ்வாறு காக்கப்படுகிறது?

மூளையின் சிறு தமனிகளைச் சுற்றித் தசைச் செல்கள் வளையம் வளையமாய் அமைந்துள்ளன. தமனிக்குள் அழுத்தம் ஏறினால், நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல் தசை தானே இறுகும். தமனிகளின் இப்பண்பை 1902-ஆம் ஆண்டு ஆங்கில அறிஞர் வில்லியம் பெய்லிஸ் எடுத்துரைத்தார். இறுகிக்கொண்டே போனால் குழாய் அடைபடுமே! அதைத் தடுப்பவை பொட்டாசியம் வாயில்கள்.

வயலுக்கு மதகு போல, தசைச் செல்லின் சவ்வில் புரதத்தாலான நுண்ணிய வாயில்கள் உள்ளன. செல்லின் உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போல் முப்பது மடங்கு. வாயில் திறந்தால் அது நேர்மின்னூட்டத்தைச் சுமந்து வெளியேறும். உட்புறம் மேலும் எதிர்மின் தன்மை அடையும். அதை உணர்ந்து கால்சியத்தின் கதவுகள் மூடிக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் தசை தளரும், குழாய் அகலும். குழாய் பத்தில் ஒரு பங்கு அகன்றாலே, அதே அழுத்தத்தில் ஓடும் இரத்தம் ஒன்றரை மடங்காகிவிடும்.

இதில் ஒரு விந்தை. தசையை இறுக்குவது கால்சியம் என்று படிக்கிறோம். ஆனால் செல்லுக்குள் அது சிறு பொறிகளாய்த் தெறிக்கும்போது, பெரிய பொட்டாசியம் வாயில்களைத் திறந்து தசையைத் தளர்த்துகிறது என்று அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் நெல்சன் குழுவினர் 1995-இல் கண்டனர். அடிக்கிற கைதான் அணைக்கும்!

தந்துகிகளிலும் இத்தகைய வாயில்கள் உண்டு. நாம் ஒரு கணக்கைப் போடும்போது, உழைக்கும் நரம்புச் செல்கள் சிறிது பொட்டாசியத்தை வெளியே விடுகின்றன. அருகிலுள்ள தந்துகி அதை உணர்ந்து, மேலேயுள்ள தமனிக்கு மின்செய்தி அனுப்புகிறது. சில வினாடிகளில் அவ்விடத்துக்கு இரத்தம் கூடுதலாக வருகிறது.

உயர் இரத்த அழுத்தம் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. வலியில்லாத நோயாதலால் வீட்டில் எவருக்கும் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் மிகை அழுத்தத்தைத் தாங்கிய தமனிச் சுவர் தடித்து விறைக்கிறது. கடும் அழுத்தமுள்ள நோயாளரின் மூளை உயர்ந்த அளவுக்கே பழகிவிடுவதை 1973-இல் கோபன்ஹேகன் மருத்துவர்கள் காட்டினர். அவர்களுக்கு அழுத்தத்தைத் திடீரென இறக்கினால், பிறர் எளிதில் தாங்கும் அளவிலேயே தலை சுற்றும். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பது அதனால்தான்.

வாயில்களும் தப்புவதில்லை. உயர் அழுத்தமுள்ள சுண்டெலிகளில், தந்துகியின் பொட்டாசியம் வாயில்கள் வலுவிழந்து, மூளை உழைக்கும் இடத்துக்கு இரத்தம் சரிவர வருவதில்லை என்று வெர்மான்ட் குழுவினர் 2021-இல் அறிவித்தனர். அம்லோடிபின் என்ற மருந்து அதைச் சீராக்கியது. லோசார்டான் அழுத்தத்தைக் குறைத்தும் இதைச் சீராக்கவில்லை. இது எலியில் கண்டது. இதைப் படித்துவிட்டு எவரும் பாட்டியின் மாத்திரையை மாற்றிவிட வேண்டாம். ஆனால் பாட்டிக்கு நடை தளர்ந்து, பெயர்கள் மறந்துபோனால், "வயதாகிவிட்டது" என்று நாம் தள்ளிவிடுகிறோமே, அவற்றுள் சில இந்த நுண்குழாய்களின் கேட்டால் வருபவை.

வாழைப்பழம் தின்றால் வாயில் திறக்குமா என்று தோழியர் கேட்கலாம். அவ்வளவு நேரடியாக அன்று. பழம், கீரை, இளநீர் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் சிறுநீரகம் உப்பை வெளியேற்ற உதவி, அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கோ அதே பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி, இதயத்தையே நிறுத்திவிடக்கூடும்.