மடிக் குழந்தையும் அடிக்கும் கையும்
(இல்லறத்தார்க்கு ஒரு பாடம்)

‘அடியாத மாடு படியாது’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பஞ்சசீலத்தை ஏற்று, எவ்வுயிர்க்கும் தீங்கு செய்வதில்லை என உறுதி பூண்ட இல்லங்களிலும், தளர்நடையிடும் குழந்தையின்மேல் கை ஓங்கும்போது இப்பழமொழியே துணைக்கு வருகிறது. எறும்பை மிதிக்க அஞ்சும் நாம், பெற்ற மகவை அடிப்பது மட்டும் தகுமோ? இவ்வினாவை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மஜ்ஜிம நிகாயத்தில் அபயராஜகுமார சூத்திரம் என்றொரு பகுதி உளது. பகவான் ராஜகிருகத்து வேணுவனத்தில் தங்கியிருந்தபோது, அபயன் என்னும் அரசகுமாரன் அவரைத் தன் இல்லத்திற்கு அழைத்து உணவளித்தான். பிறர்க்கு இனிமையில்லாத சொல்லைத் ததாகதர் கூறுவாரோ என்பது அவன் கேட்ட கேள்வி. அப்போது அவன் மடியில் பச்சிளங் குழந்தையொன்று கிடந்தது. அக்குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் எனப் பகவான் வினவினார். உடனே எடுத்துவிடுவதாகவும், எளிதில் வராவிடின் இடக்கையால் தலையைப் பிடித்து, வலக்கை விரலை வளைத்து, இரத்தம் கசிந்தாலும் எடுப்பதாகவும், குழந்தையின்பால் கொண்ட இரக்கமே அதற்குக் காரணம் என்றும் அவன் விடையளித்தான். அவ்வாறே ததாகதரும் உயிர்கள்பால் இரக்கம் கொண்டு, உண்மையும் நன்மையும் உடைய சொல்லைக் காலமறிந்து கூறுவார் எனப் பகவான் விளக்கினார்.

இதனைக் கொண்டு, குழந்தைக்கு நோவு தருவது முறையே எனச் சிலர் கருதக்கூடும். அது பிழை. குமாரனின் விரல் நாடியது கல்லையே, குழந்தையை அன்று. கல் வெளிவந்ததும் அவன் செயல் முடிந்தது. ஏன் வாயில் போட்டாய் என்று பின்னர் ஓர் அறை கொடுப்பதாக அவன் சொல்லவில்லை. காக்கும் கை ஆபத்து நீங்கியதும் ஓய்கிறது. தண்டிக்கும் கையோ ஆபத்து நீங்கிய பின்னரே ஓங்குகிறது. இவ்வேறுபாடே இப்பாடத்தின் சாரம்.

இதனை நம் வாழ்க்கையில் வைத்துப் பார்ப்போம். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்த் தாய்மார் கொழுந்து பறிக்கக் காலையிலேயே புறப்படுகின்றனர். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் வந்து மாலையில் திரும்புவோரும் உளர். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலோ வயல்வேலை. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. 1975க்குப் பின் அங்கன்வாடிகளும் தோன்றின. ஆகவே குழந்தை பகலில் ஆயாவிடமும், மாலையில் பாட்டியிடமும், இரவில் தாயிடமும் கைமாறுகிறது.

தாய் திரும்பும் வேளை, அவளுக்குக் களைப்பு, குழந்தைக்குப் பசி. லயத்து நெருக்கத்தில் ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் கவாத்துக் கத்தி, கட்டிலடியில் பூச்சிமருந்துக் குப்பி. குழந்தை குப்பியை எடுக்கிறது; தாய் ஓடிவந்து பறிக்கிறாள். அதுவரை அவள் செய்தது அபயன் செய்வதாகச் சொன்ன செயல். அடுத்த கணம் அச்சம் சினமாக மாறி, முதுகில் ஓர் அடி விழுகிறது. அந்த அடி யாரைக் காத்தது?

இரண்டு வயதுக் குழந்தைக்குத் ‘தொடாதே’ என்னும் சொல் விளங்கும். அதனை நினைவிற் கொண்டு கையை அடக்கும் ஆற்றல் முற்றியிராது. தன்னை அடக்குதற்குரிய மூளைப்பகுதி இருபது வயது கடந்தும் வளர்கிறது என்பது மருத்துவ நூலார் கண்ட உண்மை. அடிபட்ட குழந்தை மருந்தின் தீமையை அறிவதில்லை. அம்மாவின் கை நோகும் என்பதையே அறிகிறது. அவள் இல்லாதபோது குப்பியை மீண்டும் எடுக்கும். சினத்தால் சிறு குழந்தையைப் பிடித்து உலுக்குவதோ, மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கி உயிரையே போக்க வல்லது.

எனின், செய்யத்தக்கது யாது?

முதலாவது, இடத்தைத் திருத்துக. மருந்தையும் கத்தியையும் பூட்டி வைப்பின், ஒரு நாளில் பத்து அதட்டல்கள் குறையும்.

இரண்டாவது, ஒன்றை வாங்கும்போது மற்றொன்றைக் கொடுக்க. சிரட்டையும் மரக்கரண்டியும் போதும்.

மூன்றாவது, சொல்லை உண்மை, நன்மை, காலம் என்னும் மூன்றாலும் அளந்து பேசுக. பூச்சாண்டி வருவான், போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார் என்பன பொய். நான்காம் சீலத்திற்கும் மாறானவை. ‘அடுப்பு சுடும், இங்கே வா’ என்பது உண்மை, சுருக்கமும் உடையது.

நான்காவது, அழுது புரளும் குழந்தையை விட்டு அகலாது அருகிருந்து பொறுக்க. பசியும் உறக்கமும் காரணமாயின் அவற்றைத் தீர்க்க. மறுத்த பொருளை மட்டும் அழுகைக்கு அஞ்சிக் கொடுக்கற்க.

ஐந்தாவது, கை ஓங்கும் வேளையில் மூன்று முறை மூச்சைக் கவனித்து விடுக. அல்லது குழந்தையை வீட்டிலுள்ள வேறொருவரிடம் கொடுத்துச் சற்று விலகுக. ஆயா, பாட்டி, தாய் ஆகிய மூவரும் ஒரே விதியைக் கைக்கொள்ளுதலும் வேண்டும்.

அடியாவிடின் பிள்ளை கெட்டுப்போகும் என்பார் உளர். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1,60,000க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய 75 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. அடிபட்டு வளர்வோரிடம் முரட்டுத்தனமும் மனத்துயரும் மிகுதியாகக் காணப்பட்டனவேயன்றி, நல்லொழுக்கம் மிகுந்ததாகக் காணப்படவில்லை. சிகாலோவாத சூத்திரம் பெற்றோரின் கடமைகள் ஐந்தினுள் தீமையினின்று விலக்குதலையே முதலாக வைத்தது. அவ்வைந்தினுள் அடித்தல் இடம்பெறவில்லை.

சுவீடன் நாடு 1979இலேயே பெற்றோர் அடிப்பதையும் சட்டத்தால் விலக்கியது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல்தண்டனையைத் தடுக்கிறது. பள்ளி செல்லாத மழலைக்கு வீட்டிற்குள் முதற்காவல் பெற்றோரின் சீலமே. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பர். மெய்தான், ஆயினும் வளைத்தல் வேறு, ஒடித்தல் வேறு.

குடும்பத்தார் கூடி ஆராய வேண்டிய வினாக்கள்:

1. சென்ற வாரம் குழந்தையின்மேல் கை ஓங்கிய நேரம் எது? அப்போது களைத்திருந்தவர் யார், பசித்திருந்தவர் யார்?

2. நம் வீட்டில் குழந்தையின் கைக்கு எட்டும் ஆபத்தான பொருள்கள் எவை?

3. குழந்தையிடம் நாம் நாள்தோறும் சொல்லும் பொய்யான அச்சுறுத்தல் யாது? அதற்கு ஈடாகச் சொல்லத்தக்க உண்மை யாது?