காத்தவரைக் காக்கும் துறை



நம் சேக்காட்டுப் பக்கம் ராணுவத்தைப் பற்றித் தெரியாதவர் யாரும் கிடையாது. ஆவடியில் ஒரு பக்கம் டாங்கி செய்கிற எச்.வி.எஃப்., இன்னொரு பக்கம் யூனிஃபார்ம் தைக்கிற ஓ.சி.எஃப்., விமானப்படை நிலையம் வேறு. ஆனால் ஒரு மிலிட்டரிக்காரர் டிரங்குப் பெட்டியோடு ஊர் திரும்பிய பிறகு அவரை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

தனித்துறை எதற்கு?

மற்ற அரசு ஊழியர்கள் 60 வயது வரை வேலை பார்க்கலாம். சிப்பாய்க்கு அப்படியில்லை. படை எப்போதும் இளமையாக இருக்க வேண்டும் என்பதால் பலர் 35, 40 வயதிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம். வீட்டுச் செலவு ஏறுகிற நேரம். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேருபவர்களில் பெரும்பாலோர் 4 ஆண்டிலேயே, பென்ஷன் இல்லாமல், திரும்ப வேண்டியவர்கள். ஆக இது தாத்தாக்கள் சமாச்சாரம் மட்டுமல்ல, நம் வயதுப் பையன்கள் சமாச்சாரமும்தான்.

அமைப்பு மூன்று படி கொண்டது. டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் கேந்திரிய சைனிக் போர்டு. மாநிலத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம்; நமக்குத் திருவள்ளூர் மாவட்டம். பென்ஷனை இவர்கள் வழங்குவதில்லை. அதில் சிக்கல் வந்தால் எங்கே, எப்படி எழுதவேண்டும் என்று வழிகாட்டுவார்கள்.

கௌரவம்

நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருது பரம்வீர் சக்ரா. 1950 ஜனவரி 26இல் ஏற்படுத்தப்பட்டது. இதுவரை 21 பேருக்கு மட்டுமே கிடைத்திருக்கிறது. அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். 1987 நவம்பர் 25இல் இலங்கையில் அமைதிப்படையில் இருந்தபோது உயிர் நீத்தார். 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்கு இந்த வீரர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன; ஒரு தீவு அவர் பெயரில் உள்ளது. 2014இல் காஷ்மீரில் வீரமரணம் அடைந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. 2015 குடியரசு தினத்தன்று அதை அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

உதவி

பதக்கம் சிலருக்குத்தான். உதவி எல்லோருக்கும் வேண்டும். கொடிநாள் என்று டிசம்பர் 7ஆம் தேதி நாம் உண்டியலில் காசு போட்டு, சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோமே, அது 1949 முதல் நடக்கிறது. கொடியிலுள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் மூன்றும் முப்படைகளைக் குறிக்கும். அந்தப் பணம் முன்னாள் படைவீரர், விதவையர், ஊனமுற்ற வீரர் நலனுக்குப் போகிறது.

வேறு என்ன உண்டு? மருத்துவத்துக்கு 2003இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். திட்டம். மத்திய அரசின் குரூப் சி வேலைகளில் 10 சதவீத இடஒதுக்கீடு. பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, பாலிடெக்னிக் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு. பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டிய ஹவில்தார் வரையிலான ஏழை வீரருக்கும் விதவைக்கும் மாத உதவி. 4,000 ரூபாயாக இருந்தது 2025 நவம்பர் முதல் 8,000 ஆனது. ஒன்றைக் கவனியுங்கள்: பிரதமர் உதவித்தொகைத் திட்டம் தொழிற்கல்விப் பட்டப் படிப்புக்குத்தான், டிப்ளமோவுக்குக் கிடையாது. ஆகவே டிப்ளமோ மாணவர்கள் மாவட்ட அலுவலகத்தில் மாநில உதவித்தொகை பற்றிக் கேட்க வேண்டும்.

தாள் என்னும் எல்லைக்கோடு

இவ்வளவு இருந்தும் பலருக்குப் போய்ச் சேராததற்கு ஒரு காரணம் தாள்தான். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மனைவி பெயர் 'லட்சுமி', ஆதாரில் 'லெட்சுமி அம்மாள்'. அவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவர் போன பிறகு குடும்ப பென்ஷனுக்கு எழுதும்போதுதான் இரண்டும் ஒருத்திதானா என்று கேள்வி வரும். அன்றைக்கு அந்த அம்மா யாரிடம் போவார்? கணவர் இருக்கும்போதே அவர் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும்.

படித்தவர் இல்லாத வீட்டில் ஒரு படிவம் எவ்வளவு பெரிய மலை என்று எங்களைப் போல் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. எல்லையில் பனியில் நின்ற மனுஷன் ஆபீஸ் ஜன்னல் முன்னால் தயங்கி நிற்கிறார் என்றால் அது அவர் குறையில்லை.

நாம் செய்யக்கூடியது

ஒன்று, நம் தெரு மிலிட்டரிக்காரரிடம் அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆதார் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது. இரண்டு, ஆன்லைனில் போடவேண்டிய விண்ணப்பத்தைக் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுப்பது. மூன்று, கொடிநாள் உண்டியல் வரும்போது நழுவாமல் இருப்பது.

சல்யூட் அடிப்பது நல்லதுதான். ஆனால் ஒரு விதவைத் தாயின் படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தால், அது அந்த வீட்டில் மாதாமாதம் அடுப்பெரிய வைக்கும். டிப்ளமோ படிக்கிற நம்மால் அது முடியும்; முடிகிற நாமே செய்வோம்.