திருவிழா இல்லாத நாளில் வா

கம்மவான்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. பெண் குழந்தை பிறந்த சேதி வந்ததும் பிளட்டூன் முழுக்க ஜிலேபி கொடுத்தாயாமே, உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து பார்ட் டூ ஆர்டர் போட்டாயா, அதைச் சொல்லு முதலில். ரெக்கார்ட் ஆபீஸ் ஏட்டில் ஏறாதவரைக்கும் உன் பிள்ளை சர்க்காருக்கு யாரோதான். நமக்குத் தெரிந்த ஒரு அம்மா, ஆதாரில் ஒரு இனிஷியல், சர்வீஸ் ரெக்கார்டில் வேறு இனிஷியல் என்பதற்காகக் குடும்ப பென்ஷனுக்கு அலையாய் அலைந்தாள். புருஷன் உயிரோடு இருந்தபோது ஒரு மனுவில் முடிந்திருக்கும். அப்படியே குரூப் இன்சூரன்ஸ் நாமினேஷனையும் பார். ரெக்ரூட்டாகச் சேரும்போது எல்லோரும் அம்மா பெயரைத்தான் எழுதுவோம். மாற்றுவதானால் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. வேறு யார் வாயாலும் அது அவள் காதுக்குப் போகக் கூடாது.

இனி லீவு விஷயம். வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல், 30 நாள் கேஷுவல். நம் ஊர்ப் பையன்கள் பொங்கலையும் அம்மன் திருவிழாவையும் கணக்குப் பண்ணித்தான் மனு போடுகிறார்கள். வந்தால் வீடு கொள்ளாத சொந்தம். பெண்டாட்டி அடுப்படியில் வெந்துகொண்டிருப்பாள், இவன் வாசலில் நாற்காலி போட்டு லடாக் குளிரைப் பற்றிக் கதை அளந்துகொண்டிருப்பான். திரும்ப ரயில் ஏறும்போதுதான் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை என்று தெரியும். நீ ஒரு பங்கையாவது ஒன்றுமில்லாத நாட்களில் எடு. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி இருக்கிறது. யூனிட்டில் விடுவார்களென்றால் அதில் ஒன்றுக்கு வா. ஊசி போட்ட ராத்திரி உடம்பு சுட அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நட. உன் பெண்டாட்டியைத் தூங்கவிடு. அந்த ஒரு ராத்திரியை அவள் மறக்கமாட்டாள்.

வந்த கையோடு அதிகாரம் பண்ணாதே. பால் கணக்கு, சிலிண்டர், சீட்டுப் பணம் எல்லாம் நீ இல்லாத ஒன்பது மாசமும் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. பரேடு மைதானத்துக் குரலை காட்பாடி ஸ்டேஷனிலேயே இறக்கி வைத்துவிட்டு வா. ‘அதை ஏன் இங்கே வைத்தாய்’ என்று கேட்காமல் ‘எங்கே வைக்கட்டும்’ என்று கேள்.

போனிலும் அப்படித்தான். சிக்னல் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் கோர்ட் ஆஃப் இன்கொயரி நடத்தாதே. இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுக்கொள், தீர்ப்பு சொல்லாதே. ஆயிரத்தைந்நூறு மைல் தாண்டியிருந்து மாமியார் மருமகள் வழக்கைத் தீர்த்த பட்டாளத்தான் எவனும் கிடையாது.

அடுத்த போஸ்டிங் குடும்பத்தைக் கூட்டிப் போகக்கூடிய பீஸ் ஸ்டேஷனானால் போய்ச் சேர்ந்ததுமே குவார்ட்டர்ஸுக்கு எழுதிக் கொடு. வரிசை நீளமாக இருக்கும், வீடு கைக்கு வரும்போது ஒரு வருஷம்தான் மிச்சம் இருக்கும். பரவாயில்லை, கூட்டிப் போ. ஹிந்தி தெரியாதே என்று உன் பெண்டாட்டி பயப்படுவாள். உன் பெரியம்மாவும் பெரோஸ்பூருக்கு அழுதுகொண்டேதான் வந்தாள். மூன்று மாசத்தில் காலிஃபிளவர்காரனிடம் பஞ்சாபியில் சண்டை போட்டாள்! உன் அம்மாவையும் குளிர் இல்லாத மாசத்தில் கொஞ்ச நாள் கூட்டி வைத்துக்கொள். பெண்டாட்டியை மட்டும் கூட்டிப் போனான் என்கிற ஊர் வாய் தானாக அடங்கும்.

நாற்பதை ஒட்டி நீ பென்ஷனோடு வந்துவிடுவாய். பட்டாளத்தில் கழித்ததைவிட அதிக வருஷம் அதற்கப்புறம்தான் இருக்கிறது, அதுவும் ஒரே கூரைக்குக் கீழே. பென்ஷன் வாங்கி வந்த புதிதில் பேச்சுக்கு ஆள் இல்லாமல் டீக்கடையே கதியென்று கிடக்கிறவர்களை நம் தெருவிலேயே பார்க்கிறாயே.

வரும்போது எனக்குக் கேன்டீன் பாட்டில் எதுவும் வேண்டாம். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற சொந்தக்காரர்கள் கேட்டால் பெரியப்பா திட்டுவார் என்று என் தலையில் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா