சந்திரசேகர் எல்லை

விண்மீன்கள் என்றும் அழியாதவை என்று முன்னோர் பலர் எண்ணினர். ஆயின் அவற்றிற்கும் பிறப்பும், முதுமையும், முடிவும் உண்டு என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. அம்முடிவின் இயல்பைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்து தெளிந்தவருள் தலைசிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் ஆவார்.

இவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் லாகூர் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வேக் கணக்குத் துறையில் அலுவல் பார்த்தவர். அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழாக்கியவர். நோபல் பரிசு பெற்ற சர். சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தையார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்று தேறிய சந்திரசேகர், 1930இல் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பொழுது அவருக்கு வயது 19. அப்பயணத்தின்போதே அவர் ஓர் அரிய கணக்கில் ஈடுபட்டார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பாற்றலால் சுருங்கத் தொடங்கும். உள்ளே நெருக்குண்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம் அச்சுருக்கத்தைத் தடுத்து நிறுத்தும். அங்ஙனம் நிலைபெற்றதனை வெண்குறு மீன் என்பர். சூரியனை ஒத்த நிறை, பூமியை ஒத்த சிறு உருவில் அதன்கண் அடங்கியிருக்கும். எல்லா விண்மீன்களும் முடிவில் இந்நிலையையே எய்தும் என்று அந்நாளைய அறிஞர் கருதினர். சந்திரசேகரோ, ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணக்கிட்டார். தடுத்து நிறுத்தும் அவ்வழுத்தத்தின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது புலனாயிற்று. பின்னர்ச் செம்மைப்படுத்தப் பெற்ற அவ்வெல்லை, சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். அதனினும் மிக்க நிறையோடு எஞ்சும் விண்மீன் வெண்குறு மீனாக நிலைத்தல் இயலாது. மேலும் சுருங்கியே தீரும்.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியற் கழகத்தார் முன்னிலையில் அவர் தம் முடிவை எடுத்துரைத்தார். அவரை அடுத்து எழுந்து பேசியவர், உலகப் புகழ் பெற்ற வானநூல் அறிஞர் எடிங்டன். விண்மீன் இங்ஙனம் முறையின்றி நடப்பதை இயற்கை ஒருபோதும் இடங்கொடாது என்று அவர் எள்ளி உரைத்தார். அவையில் நகைப்பொலி எழுந்தது. சந்திரசேகரின் கணக்கில் பிழையில்லை என்று உணர்ந்த பௌதிக அறிஞர் சிலரும் அதனை வெளிப்படக் கூறத் தயங்கினர்.

எனினும் அவர் தம் முடிவைக் கைவிடவில்லை. வீண் வாதத்தில் காலத்தைப் போக்கவும் இல்லை. 1937இல் அமெரிக்கா சென்று சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பணி ஏற்றார். 1939இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டு, அதன்பின் வேறு துறைகளில் தம் ஆராய்ச்சியைச் செலுத்தினார். எடிங்டனிடம் அவர் பகைமை பாராட்டவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது, அவர்தம் அறிவாற்றலை மனமாரப் போற்றினார்.

காலம் செல்லச் செல்ல உண்மை நிலைபெற்றது. நியூட்ரான் மீன்கள், கருந்துளைகள் ஆகியவற்றை ஆராய்வார்க்குச் சந்திரசேகர் எல்லை வழிகாட்டியாயிற்று. 1983இல் பௌதிகத்திற்கான நோபல் பரிசு அவருக்கும் வில்லியம் பௌலருக்கும் பகிர்ந்தளிக்கப் பெற்றது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சந்திரசேகர் மறைந்தார். 1999இல் விண்ணில் செலுத்தப்பெற்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி, 'சந்திரா' என்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

கூறியவர் பெரியவர் என்பதனால் ஒரு கூற்று மெய்யாகிவிடாது. பலர் நகைத்தமையால் மெய் பொய்யாகிவிடவும் செய்யாது. உண்மையில் உறுதியும், மாறுபட்டாரிடத்தும் மதிப்பும் ஒருங்கே கொண்டு விளங்கிய சந்திரசேகரின் வாழ்க்கை, கற்பார் அனைவர்க்கும் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.