வெசலே: சாய்ந்த சுவரும் 26 வயசு ஆர்க்கிடெக்டும்

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல ஆர்ச் பாடத்தை மார்க்குக்காக மட்டும் படிச்சிருந்தா, இந்தக் கட்டடத்தைக் கொஞ்சம் பாருங்க.

பிரான்சின் பர்கண்டி பகுதியில் வெசலே என்ற சிற்றூர். அங்கே குன்றின் உச்சியில் நிற்கிறது புனித மகதலா மரியா தேவாலயம். 1120-ல் தீ விபத்தில் பழைய கட்டடம் அழிய, அதன்பின் எழுந்ததுதான் இன்றுள்ள நீண்ட நடுக்கூடம். 1146-ல் புனித பெர்னார்ட் இரண்டாம் சிலுவைப்போருக்கு மக்களை அழைத்ததும் இந்த ஊரில்தான்.

நடுக்கூடத்தின் கூரை கல். அதைத் தாங்குபவை வெளிர், அடர் நிறக் கற்கள் மாறி மாறி அடுக்கிய அரைவட்ட ஆர்ச்கள். பார்க்க அழகு. ஆனா சிக்கலும் அங்கேதான்.

ஆர்ச் எடையைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். சுவரில் சாய்த்த ஏணியின் அடி வழுக்கிப் போகப் பார்க்குமே, அதே கதை. சீரான சுமை உள்ள மூன்று கீல் ஆர்ச்சுக்கு H = wL²/8h. அகலம் L மாறாம உயரம் h கூடினா, தள்ளுவிசை H குறையும். கோதிக் காலத்தில் உயரமான கூர் ஆர்ச் ஏன் கைகொடுத்ததுன்னு இப்போ புரியுதா?

வெசலேயில் அந்த விசை சுவர்களை மெல்ல வெளிப்பக்கம் சாய்த்தது. பிற்காலத்தில் வெளியே முட்டு ஆர்ச்கள் கட்டியும் போதவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பராமரிப்பும் இல்லை. 1834-ல் அரசின் நினைவுச்சின்ன ஆய்வாளர் மெரிமே வந்து பார்த்தபோது, கட்டடம் இடியும் நிலையில் இருந்தது.

1840-ல் பொறுப்பு வியோலே-லெ-துக்கிடம் போனது. வயசு 26! கூரையின் எடையைக் குறைத்தார். முட்டு ஆர்ச்களைப் புதிதாகக் கட்டினார். அதாவது, தள்ளும் விசையைக் குறைத்து, தாங்கும் விசையைக் கூட்டினார். பணி 1859 வரை நீண்டது. 1979-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்.

ஆனா அவர் அத்தோட நிறுத்தல. கோதிக் பாணியில் இருந்த சில கூரைப் பகுதிகளையும், மற்றதோடு பொருந்தட்டும்னு பழைய ரோமனெஸ்க் பாணிக்கு மாற்றினார். கட்டடம் பிழைத்தது, அதன் வரலாற்றில் ஒரு பக்கம் போனது.

விழாமல் காப்பாற்ற ஃபார்முலா போதும். எதைத் தொடக்கூடாது என்பதற்கு ஃபார்முலா கிடையாது. நாளைக்கு ஒரு பழைய கட்டடம் உங்க கைக்கு வந்தா, நீங்க எங்கே நிறுத்துவீங்க?